கப்பல் பணியாளர் மாற்ற நெருக்கடி (2020–2021)

கப்பல் பணியாளர் மாற்ற நெருக்கடி என்பது, கோவிட்-19 பெருந்தொற்றின்போது உலக நாடுகள் தம் எல்லைகளை மூடி வானூர்திப் போக்குவரத்தை நிறுத்தியதால், வணிகக் கப்பல்களில் பணிக்காலம் முடிந்தோர் கரையிறங்க இயலாமலும், அவர்களுக்கு மாற்றாகச் செல்லவேண்டியோர் கப்பலைச் சென்றடைய இயலாமலும் தவித்த நிலையைக் குறிக்கும். இது 2020 மார்ச்சில் தொடங்கியது. 2020 இறுதியில் ஏறத்தாழ 4 இலட்சம் பணியாளர்கள் ஒப்பந்தக் காலம் கடந்தும் கப்பல்களிலேயே இருந்தனர் எனவும், ஏறத்தாழ அதே எண்ணிக்கையினர் வேலைக்குச் செல்ல வழியின்றிக் கரையில் காத்திருந்தனர் எனவும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு மதிப்பிட்டது.

இந்நெருக்கடி கடல்சார் தொழில் சங்கங்களின் செயற்பாட்டை வெகுவாக மாற்றியது. ஊதியப் பேச்சுவார்த்தைகளில் எதிரெதிர்த் தரப்பில் அமரும் கப்பல் உரிமையாளர் சங்கமும் தொழிலாளர் கூட்டமைப்பும் ஒரே கோரிக்கையை முன்வைத்து அரசுகளை அணுகின. ஆயினும், காலம் கடந்து கப்பலில் இருப்போரைத் தொடர்ந்து வேலை செய்யச் சொல்லலாமா என்ற வினாவில் இவ்விரு தரப்பினரும் தொடக்கத்தில் செய்துகொண்ட ஏற்பாடு நீடிக்கவில்லை.

பணியாளர் மாற்றம்

உலக வணிகப் பொருட்களில், அளவின் அடிப்படையில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேற்பட்டவை கடல்வழியாகவே செல்கின்றன. இக்கப்பல்களில் பணியாற்றுவோர் ஏறத்தாழ 18.9 இலட்சம் பேர் என 2021 இல் வெளியான பணியாளர் அறிக்கை ஒன்று கணக்கிட்டது. பிலிப்பீன்சு, உருசியா, இந்தோனேசியா, சீனா, இந்தியா ஆகியவை அதிக எண்ணிக்கையில் பணியாளர்களை வழங்கும் நாடுகளாகும்.

கப்பல் பணியாளர்களில் பெரும்பாலோர் நிறுவனத்தின் நிரந்தர ஊழியர்கள் அல்லர். அதிகாரிகள் பொதுவாக 3 முதல் 6 மாதங்களுக்கும், கடைநிலைப் பணியாளர்கள் 9 மாதங்கள் வரையும் ஒப்பந்த அடிப்படையில் கப்பலேறுகின்றனர். கப்பலில் சேர்வதை 'சைன் ஆன்' என்றும், ஒப்பந்தம் முடித்து இறங்குவதை 'சைன் ஆஃப்' என்றும், மாற்றாக வருபவரை 'ரிலீவர்' என்றும் இத்தொழிலில் உள்ளோர் குறிப்பிடுவர். கப்பலில் இருக்கும் காலத்திற்கே பலருக்கும் ஊதியம் கிடைக்கிறது. எனவே ரிலீவர் வராததால் கப்பலில் இருப்பவர் ஓய்வை இழக்க, கப்பலுக்குச் செல்ல முடியாத ரிலீவர் வருமானத்தை இழக்கிறார். ஒரே தடையால் இரண்டு குடும்பங்கள் பாதிக்கப்படும் இவ்விரட்டைத் தன்மை, கப்பலில் சிக்கியோரைப் பற்றி மட்டுமே பேசிய அக்காலச் செய்திகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

பெருந்தொற்றுக்கு முன்னர் மாதந்தோறும் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட பணியாளர்கள் இவ்வாறு மாறிவந்தனர். இம்மாற்றம் நடைபெற, புறப்படும் நாட்டில் மருத்துவச் சான்றிதழும் நுழைவிசைவும், இடையில் வானூர்தி இணைப்புகளும், சேரும் துறைமுகத்தில் குடியேற்ற அனுமதியும், இறங்குபவருக்குத் திரும்பும் பயணச்சீட்டும் ஒரே நாளில் பொருந்தி அமைதல் வேண்டும். கப்பல் துறைமுகத்தில் நிற்பதோ சில மணிநேரங்களே. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தாலும் மாற்றம் அடுத்த துறைமுகத்திற்குத் தள்ளிப்போகும். 2020 மார்ச்சில் எல்லாக் கண்ணிகளும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் அறுந்தன.

சட்டப் பின்னணி

கப்பல் பணியாளரின் உரிமைகளுக்கான முதன்மை ஆவணம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006 பெப்ரவரி 23 இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்பாடு ஆகும். இது 2013 ஆகஸ்ட் 20 இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015 அக்டோபரில் இதனை ஏற்புறுதி செய்தது. இவ்வுடன்பாட்டின்படி, பணியாளர் ஒருவர் 12 மாதங்களுக்குக் குறைவான காலத்திற்குள் கப்பல் உரிமையாளரின் செலவில் தாயகம் திரும்பும் உரிமை உடையவர். மாதத்திற்கு இரண்டரை நாள் என்ற ஆண்டு விடுப்பையும் சேர்த்துக் கணக்கிடுகையில், தொடர்ந்து கப்பலில் இருக்கத்தக்க உச்ச காலம் நடைமுறையில் 11 மாதங்கள் ஆகிறது. வேலை நேரம் எந்த 24 மணிநேரத்திலும் 14 மணியையும், எந்த 7 நாட்களிலும் 72 மணியையும் தாண்டக்கூடாது எனவும் அது வரையறுக்கிறது.

இவ்வரம்புகள் வெறும் நலச் சலுகைகள் அல்ல. ஓய்வின்றிப் பல மாதங்கள் பணியாற்றிய ஒருவரே இரவில் கப்பலைச் செலுத்தவும் எந்திரங்களைக் கண்காணிக்கவும் நேர்கையில், களைப்பு விபத்துக்கு வழிவகுக்கிறது. ஆனால் உடன்பாட்டின் ஓர் இயல்பு பெருந்தொற்றின்போது குறையாக வெளிப்பட்டது. தாயகம் அனுப்பும் பொறுப்பை அது உரிமையாளர்மீது சுமத்துகிறது. அதற்குரிய வழியைத் திறந்துவிடும் பொறுப்போ கப்பல் பதிவுபெற்ற நாடு, துறைமுக நாடு, பணியாளரின் தாய்நாடு ஆகிய மூன்றுக்கும் இடையே பங்கிடப்பட்டுள்ளது. ஒன்று மற்றொன்றைச் சுட்டிக்காட்டி ஒதுங்கிக்கொள்ள இது இடமளித்தது.

நெருக்கடியின் தொடக்கம்

உலக சுகாதார அமைப்பு 2020 மார்ச் 11 இல் கோவிட்-19 ஐப் பெருந்தொற்று என அறிவித்தது. அடுத்த இரு வாரங்களில் பிலிப்பீன்சின் லூசோன் தீவு முடக்கப்பட்டது. இந்தியா மார்ச் 23 முதல் பன்னாட்டுப் பயணிகள் வானூர்திச் சேவையை நிறுத்தி, மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கை நடைமுறைப்படுத்தியது. சரக்கு இறக்குவதற்குத் துறைமுகங்கள் திறந்திருந்தன. அச்சரக்கைக் கொண்டுவந்த மனிதர்கள் படியிறங்கத்தான் தடை இருந்தது. பல்வலி, காயம் போன்றவற்றுக்காகக் கரைக்கு வந்து மருத்துவம் பெறுவதுகூடப் பல துறைமுகங்களில் மறுக்கப்பட்டது.

இந்நிலையில் பன்னாட்டுக் கப்பல் போக்குவரத்து மன்றமும் பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பும் இணைந்து செயற்படத் தொடங்கின. முன்னது 1921 இல் உருவான கப்பல் உரிமையாளர் சங்கங்களின் அமைப்பு. உலக வணிகக் கப்பல்களின் கொள்ளளவில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டதன் சார்பாகப் பேசுவது. பின்னது 1896 இல் தோன்றிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு. இரண்டின் தலைமையகங்களும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் தலைமையகமும் இலண்டனிலேயே உள்ளன. எனினும் ஊரடங்கினால் இம்மூன்றும் கணினித் திரைகள் வழியாகவே சந்திக்க நேர்ந்தது. 2020 மே 1, தொழிலாளர் நாளன்று நண்பகல் 12 மணிக்குத் துறைமுகங்களில் உள்ள கப்பல்கள் சங்கொலி எழுப்பவேண்டும் என இவ்விரு அமைப்புகளும் அழைப்பு விடுத்தன.

பன்னிரண்டு படி நடைமுறை

வெறும் வேண்டுகோள்களால் பயனில்லை என்பது விரைவில் தெளிவாயிற்று. சுகாதாரத் துறை அலுவலர் ஒருவர் கையெழுத்திடத்தக்க ஒரு நடைமுறை தேவைப்பட்டது. உரிமையாளர், தொழிலாளர், துறைமுகம் ஆகியவற்றின் சங்கங்கள் கூட்டாகத் தயாரித்த பன்னிரண்டு படிகள் கொண்ட வரைவை, பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2020 மே 5 ஆம் நாள் உறுப்பு நாடுகளுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பியது. வீட்டிலிருந்து புறப்படும் முன் செய்யவேண்டிய தனிமைப்படுத்தல், சோதனை, வானூர்தி நிலையத்திலிருந்து கப்பல்வரையான பயணம், கப்பலில் சேர்ந்தபின் கடைப்பிடிக்கவேண்டியவை, பின்னர் அதே வழியில் இறங்குபவர் திரும்புதல் என ஒவ்வொரு கட்டத்திலும் யார் எதற்குப் பொறுப்பு என்பதை அவ்வறிக்கை வகுத்தது. ஓர் அரசுகளுக்கிடையிலான அமைப்பு, தொழில் சங்கங்கள் எழுதிய நெறிமுறையை இத்துணை விரைவாகத் தன் பெயரில் வெளியிட்டது வழக்கத்திற்கு மாறானதாகும். இதன் திருத்திய வடிவம் அவ்வாண்டு நவம்பரில் கூடிய கடல்சார் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலைப் பெற்றது.

அக்குழுவின் கூட்டம் மே மாதத்திலேயே நடந்திருக்க வேண்டியது. நேரில் கூடாமல் முடிவெடுக்கும் முறை அமைப்பில் அதுவரை இல்லாததால், தொலைநிலைக் கூட்டங்களுக்கான இடைக்கால நெறிகள் 2020 செப்டம்பரில்தான் ஏற்கப்பட்டன. அதே மாதம் 21 ஆம் நாள் பணியாளர் மாற்றத்தை எளிதாக்குமாறு கோரும் தீர்மானம் நிறைவேறியது. இதற்கிடையே ஏப்ரலில் அமைப்பின் செயலகம் ஒரு சிறு குழுவை ஏற்படுத்தியிருந்தது. சிக்கியுள்ள பணியாளர்களின் தனித்தனி முறையீடுகளைப் பெற்று, உரிய அரசுகளுடனும் சங்கங்களுடனும் பேசித் தீர்ப்பதே அதன் வேலை. சட்டங்கள் இயற்றுவதற்கென உருவான ஒரு செயலகம் தனிமனிதர் ஒருவரின் பயண அனுமதிக்காகத் தொலைபேசியில் பேசியது என்பதிலிருந்து அப்போதைய நிலையை உணரலாம்.

சங்கங்களின் களப்பணியும் மாறியது. தொழிலாளர் கூட்டமைப்பின் ஆய்வாளர்கள் கப்பலேறி ஊதியக் கணக்கையும் ஒப்பந்தங்களையும் பார்வையிடுவதே வழக்கம். கப்பலேறத் தடை வந்தபின் பணியாளர்கள் கைப்பேசியில் அனுப்பும் ஒளிப்படங்களையும் ஒப்பந்த நகல்களையும் கொண்டே அவர்கள் முறையீடுகளைக் கையாண்டனர். துறைமுகங்களில் உள்ள மாலுமி இல்லங்கள் மூடப்பட்டதால், தொண்டு அமைப்புகள் கப்பற் படிக்கட்டின் அடியில் பொருட்களை வைத்துவிட்டு விலகிச்செல்லும் முறையைக் கையாண்டன. தகுதிச் சான்றிதழ்களும் மருத்துவச் சான்றிதழ்களும் கடலிலேயே காலாவதியானதால் நாடுகள் அவற்றின் செல்லுபடிக் காலத்தை நீட்டித்தன. பயிற்சி நிலையங்களில் சில வகுப்புகள் இணையவழிக்கு மாறின. தீயணைப்பு, உயிர்காப்புப் படகு போன்ற செய்முறைப் பயிற்சிகளுக்கு இணையம் மாற்றாக முடியவில்லை.

ஒப்பந்த நீட்டிப்பும் ஜூன் 15 அறிவிப்பும்

2020 மார்ச்சில், நிலைமை சில வாரங்களில் சீராகும் என்ற எதிர்பார்ப்பில், பணியாளர்களின் ஒப்பந்தங்களைக் குறுகிய காலத்திற்கு நீட்டிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு உரிமையாளர் தரப்புடன் உடன்பட்டது. அக்காலம் முடிந்ததும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. மே நடுப்பகுதியில், பன்னிரண்டு படி நடைமுறையை அரசுகள் செயற்படுத்துவதற்காக மேலும் 30 நாட்கள் வழங்கப்பட்டன. அத்தவணை ஜூன் 15 உடன் முடிவுற்றது. பெரும்பாலான அரசுகள் எதையும் மாற்றியிருக்கவில்லை.

அன்று கூட்டமைப்பு வெளியிட்ட அறிவிப்பு இந்நெருக்கடியின் திருப்புமுனையாகக் கருதத்தக்கது. இனி நீட்டிப்புக்கு உடன்பட மறுத்துக் கப்பலை விட்டு இறங்க விரும்பும் எந்தப் பணியாளருக்கும் தான் துணைநிற்பதாக அது தெரிவித்தது. நல்லெண்ணத்தில் வழங்கிய நீட்டிப்பு, எல்லைகளைத் திறக்காமலிருக்க அரசுகளுக்கு வசதியான காரணமாகிவிட்டது என்பது அதன் வாதம். கப்பல்கள் ஓடிக்கொண்டிருக்கும்வரை கடைகளில் பொருட்கள் குறையாது. பொருட்கள் குறையாதவரை எந்த அமைச்சரவைக்கும் இச்சிக்கல் அவசரமாகத் தோன்றாது. இவ்வாதத்தில் உண்மை இருந்தது. ஆனால் நங்கூரமிட்ட கப்பலில் 'வேலை செய்யமாட்டேன்' என்று கூறும் பணியாளர், அடுத்த ஒப்பந்தம் தமக்குக் கிடைக்குமா என்பதையும் எண்ணியே ஆகவேண்டும். எனவே சங்கத்தின் ஆதரவு இருந்தும், வெளிப்படையாக மறுத்தோர் சிலரே.

அத்தகைய நிகழ்வுகளில் ஒன்று ஆத்திரேலியாவில் நடைபெற்றது. 2020 ஜூலையில் நியூகாசில் துறைமுகத்தில் 'யூனிசன் ஜாசுபர்' என்ற கப்பலை அந்நாட்டின் கடல்சார் பாதுகாப்பு ஆணையம் தடுத்துவைத்தது. மியான்மரைச் சேர்ந்த அதன் பணியாளர்கள் தொடர்ந்து பயணிக்க மறுத்திருந்தனர். தொடக்கத்தில் வரம்பு கடந்த பணிக்காலத்தைப் பொறுத்துக்கொண்ட அவ்வாணையம், 2021 பெப்ரவரி 28 முதல் 11 மாதம் என்ற வரம்பை மீண்டும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்போவதாக அறிவித்தது.

அரசுகளின் நிலைப்பாடு

2020 ஜூலை 9 இல் ஐக்கிய இராச்சியம் நடத்திய இணையவழி மாநாட்டின் முடிவில் 13 நாடுகள் பணியாளர் மாற்றத்திற்கு ஆதரவான கூட்டறிக்கையை வெளியிட்டன. கப்பல் பணியாளர்களை இன்றியமையாப் பணியாளர்களாக அறிவிக்கவேண்டும் என்பதே எல்லா அறிக்கைகளின் மையக் கோரிக்கை. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2020 டிசம்பர் 1 இல் இதே கருத்தில் தீர்மானம் நிறைவேற்றியது. அறிவிப்புகள் பெருகிய அளவிற்கு நடைமுறை மாறவில்லை. கப்பல் போக்குவரத்து அமைச்சகம் 'இன்றியமையாதோர்' என அறிவித்தவரை, அதே நாட்டின் குடியேற்ற அலுவலர் திருப்பி அனுப்பிய நிகழ்வுகள் உண்டு.

அரசுகளின் தயக்கத்திற்குக் காரணமே இல்லை எனவும் கூறமுடியாது. ஹாங்காங் 2020 ஜூனில் எல்லா வகைக் கப்பல்களின் பணியாளர் மாற்றத்தையும் தாராளமாக அனுமதித்தது. அடுத்த மாதம் அங்கு எழுந்த தொற்று அலைக்கு, தனிமைப்படுத்தலிலிருந்து விலக்கு பெற்ற கப்பல், வானூர்திப் பணியாளர்கள் காரணமாக இருக்கக்கூடும் என்ற கருத்து எழவே, ஜூலை 29 முதல் சரக்கு ஏற்றி இறக்க வரும் கப்பல்களுக்கு மட்டும் என அனுமதி சுருக்கப்பட்டது. சிங்கப்பூர் வேறு வழியை நாடியது. பணியாளர் புறப்படும் நாட்டிலேயே தனிமைப்படுத்தும் இடங்களையும் சோதனைக் கூடங்களையும் தரப்படுத்த உதவும் நிதியம் ஒன்றை, அந்நாட்டுத் துறைமுக ஆணையமும் கப்பல் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து 2020 ஆகஸ்டில் ஏற்படுத்தின. வாசலில் தடுப்பதைவிட, வழியைச் சீராக்குவதே இதன் நோக்கம்.

2020 டிசம்பரில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர் குழு வெளியிட்ட பொதுக் கருத்துரை, உடன்பாட்டை அரசுகள் உரியவாறு கடைப்பிடிக்கத் தவறின எனத் தெளிவாகக் கூறியது. பெருந்தொற்று தொடங்கிப் பல மாதங்கள் ஆனபின்னும் 'தவிர்க்கவியலாச் சூழ்நிலை' என்ற காரணத்தைக் காட்டிப் பணியாளரின் உரிமையை மறுக்க இயலாது என்பது அதன் நிலைப்பாடு. தொழிற்சங்கங்கள் தம் வாதத்திற்கு இதையே பெரிதும் மேற்கோள் காட்டின.

இந்தியாவில்

இந்தியாவில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கப்பல் பணியாளர்கள் இருந்தனர். ஊரடங்கு தொடங்கி நான்கு வாரங்களுக்குப் பின், 2020 ஏப்ரல் 21 இல் இந்திய உள்துறை அமைச்சகம் இந்தியத் துறைமுகங்களில் பணியாளர் ஏறி இறங்குவதற்கான நடைமுறையை வெளியிட்டது; மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அதற்கான விரிவான ஆணையைப் பிறப்பித்தது. மும்பைக்கு அப்பால் காத்திருந்த 'மரெல்லா டிஸ்கவரி' என்ற உல்லாசக் கப்பலிலிருந்து ஏறத்தாழ 145 இந்தியர்கள் ஏப்ரல் 23 இல் இறங்கினர். இந்தியப் பணியாளர் சங்கங்களும் நிறுவனங்களும் பின்னர் தனி வானூர்திகளை அமர்த்தின. அண்டை நாடான இலங்கையின் காலித் துறைமுகத்திற்கு வெளியே, கப்பல் கரையணையாமலேயே படகில் பணியாளரை மாற்றும் வழக்கம் முன்பிருந்தே இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் இத்தகைய இடங்களின் மதிப்பு கூடியது.

பெருந்தொற்றும் அரசியலும் பிரித்தறிய முடியாதவாறு கலந்த நிகழ்வு சீனக் கடற்பகுதியில் ஏற்பட்டது. ஆத்திரேலிய நிலக்கரியை ஏற்றிச்சென்ற 'ஜக் ஆனந்த்' 2020 ஜூன் முதலும், 'அனஸ்தாசியா' செப்டம்பர் முதலும் சீனத் துறைமுகங்களுக்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்திருந்தன. இரண்டிலும் சேர்த்து 39 இந்தியர்கள் இருந்தனர். சரக்கை இறக்கவும் அனுமதியில்லை, பணியாளரை மாற்றவும் அனுமதியில்லை. சீனா தொற்றுத் தடுப்பு விதிகளைக் காரணம் காட்டியது. அக்காலத்தில் சீனாவிற்கும் ஆத்திரேலியாவிற்கும் இடையே வணிகப் பூசல் நிலவியது. இறுதியில் 'ஜக் ஆனந்த்' சப்பானின் சிபா துறைமுகத்திற்குச் சென்று பணியாளரை மாற்றியது. அதில் இருந்த 23 பேர் 2021 ஜனவரியிலும், மற்றக் கப்பலின் 16 பேர் பெப்ரவரியிலும் தாயகம் திரும்பினர்.

2021: இரண்டாம் அலையும் தடுப்பூசியும்

2021 ஜனவரி 26 இல் 300க்கும் மேற்பட்ட நிறுவனங்களும் அமைப்புகளும் கையொப்பமிட்ட நெப்டியூன் சாற்றுரை வெளியானது. கப்பலை வாடகைக்கு எடுப்போரையும் பொறுப்பேற்கச் செய்தது இதன் சிறப்பு. கப்பல் பணியாளரை மாற்றுவதற்காக வழிமாறிச் சென்றால், அந்நாட்களுக்கான வாடகையையும் எரிபொருளையும் யார் ஏற்பது என்பது அதுவரை பெரிய முட்டுக்கட்டையாக இருந்தது. வாடகைக் காலத்தில் பணியாளர் மாற்றமே கூடாது என்ற நிபந்தனையைச் சிலர் ஒப்பந்தத்தில் சேர்க்கவும் முற்பட்டனர்.

அவ்வாண்டு ஏப்ரலில் இந்தியாவில் இரண்டாம் அலை தீவிரமடைய, சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்டவை இந்தியாவிலிருந்து வருவோரைத் தடைசெய்தன. சாற்றுரையில் இணைந்த மேலாண்மை நிறுவனங்களின் தரவுகளின்படி, ஒப்பந்தம் கடந்து கப்பலில் இருந்தோர் 2021 மே மாதத்தில் 5.8 விழுக்காடு; ஆகஸ்டில் 9.0 விழுக்காடு. அதன் பின்னரே இவ்விகிதம் குறையத் தொடங்கியது.

தடுப்பூசி புதிய சிக்கல்களைக் கொணர்ந்தது. பணியாளர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி தட்டுப்பாடாக இருந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். முதல் தவணையைப் பெற்ற துறைமுகத்திற்கு இரண்டாம் தவணைக்காகத் திரும்பிவர அவர்களால் முடியாது. ஆதலால் ஒரே தவணையில் முடியும் தடுப்பூசி விரும்பப்பட்டது. அமெரிக்கத் துறைமுகங்கள் பல, நாடு பாராமல் பணியாளர்களுக்குத் தடுப்பூசி வழங்கின. இந்தியாவில் கோவிசீல்டின் இரு தவணைகளுக்கு இடைவெளி 84 நாட்களாக இருந்தது. வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர் 28 நாட்களிலேயே இரண்டாம் தவணையைப் பெறலாம் என 2021 ஜூனில் விலக்கு அளிக்கப்பட்டது. கோவாக்சின் பெற்றோரின் நிலை வேறு. உலக சுகாதார அமைப்பின் அவசரகாலப் பயன்பாட்டு ஏற்பு அதற்கு 2021 நவம்பர் 3 இல்தான் கிடைத்தது. அதுவரை அதனை ஏற்காத நாடுகளுக்குச் செல்லும் கப்பல்களில் சேர அவர்கள் இடர்ப்பட்டனர்.

நெருக்கடியின் கொடிய முகத்தைக் காட்டிய நிகழ்வு 'இத்தால் லிபேரா' என்ற சரக்குப் பெட்டகக் கப்பலில் நேர்ந்தது. 2021 ஏப்ரலில் அதன் இத்தாலியத் தலைவர் பயணத்தின்போது நோயால் இறந்தார். அவருடைய உடலை இறக்க வழியிலிருந்த எந்த நாடும் அனுமதிக்கவில்லை. இறுதியில் நிறுவனம் வணிகப் பயணத்தைக் கைவிட்டுக் கப்பலை இத்தாலிக்கே திருப்பியது. இறந்து ஏறத்தாழ இரு மாதங்களுக்குப் பின் ஜூனில் உடல் தாயகம் சேர்ந்தது.

பின்விளைவுகள்

2022 மே மாதத்தில் அரசுகள், உரிமையாளர்கள், தொழிலாளர்கள் ஆகிய முத்தரப்பினரும் கூடிக் கடல்சார் தொழிலாளர் உடன்பாட்டிற்கான திருத்தங்களை வகுத்தனர். கப்பலில் இறந்தவரின் உடலைத் தாயகம் அனுப்ப நாடுகள் உதவவேண்டும், உடனடி மருத்துவம் தேவைப்படுவோரைக் கரையிறக்கவேண்டும், பணியாளருக்கு இணைய வசதி கிடைக்கச் செய்யவேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். இவை 2024 டிசம்பர் 23 இல் நடைமுறைக்கு வந்தன. இணைய வசதி பற்றிய பேச்சுவார்த்தை எளிதாக முடியவில்லை. அதற்குக் கட்டணம் பெறலாமா என்பதில் இரு தரப்பும் வேறுபட்டன. கட்டணம் வாங்கினால் அது நியாயமான அளவில் இருத்தல் வேண்டும் என்ற அளவிலேயே விதி அமைந்தது.

கப்பல் பணியாளரை இன்றியமையாப் பணியாளராக நாடுகள் ஏற்கவேண்டும் என்ற கோரிக்கை 2025 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அடுத்த திருத்தங்களில் இடம்பெற்றது. 2020 இல் அறிக்கைகளில் மட்டுமே இருந்த இச்சொல் உடன்பாட்டின் வாசகத்திற்குள் வர ஐந்தாண்டுகள் பிடித்தன. இத்திருத்தங்கள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரும் என எதிர்பார்க்கப்படுகிறது.